எதற்கு என்றுதான் கேட்டேன்

வேலைமுறையில் தேவையில்லாத படிகளைக் கண்டுபிடித்து எடுப்பது என் வேலை. "இந்தப் படி எதற்கு?" என்று, பணம் போகும் முன் சப்ளையர் பில்களைப் பார்ப்பவரிடம் கேட்டேன். "ஒரு தடவை பார்த்துட்டுத்தான் சார் அனுப்பணும், எப்பவும் அப்படித்தான்" என்றார். அந்தப் பதில் போதும் என்று நினைத்து, படிக்கு ஒரு தாளாகப் பலகையில் ஒட்டியிருந்ததில் அவருடைய மஞ்சள் தாளை உரித்து எடுத்தேன். இரண்டு வருடம் ஆகியும் அந்த நிமிடம் மனதை விட்டுப் போகவில்லை.

சப்ளையர் பில் வந்து பணம் போய்ச் சேர 11 நாள் ஆகிறது என்பதுதான் புகார். அதில் அவர் மேசையில் மட்டும் 2 நாள். ஒரு பில்லைப் பார்க்க அவருக்கு நாலைந்து நிமிடம்தான் ஆகும், மீதியெல்லாம் காத்திருப்பு. பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவு, பில் மூன்றையும் சிஸ்டமே ஒப்பிட்டுவிடும்போது இன்னொரு கண் எதற்கு என்று வாதாடினேன். 1990இல் மேலாண்மை எழுத்தாளர் மைக்கேல் ஹாமர் எழுதிய ஃபோர்டு கதையையும் சொன்னேன். பில் பட்டுவாடாவுக்கு 500 பேருக்கு மேல் வைத்திருந்த ஃபோர்டு, ஜப்பானின் மாஸ்டா கார் கம்பெனியில் அந்த வேலையை 5 பேர் செய்வதைப் பார்த்து, முறையை மாற்றி ஆட்களை 75 சதவீதம் குறைத்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் பேசாமல் இருந்தார்.

ஃபோர்டு பில்லையே வேண்டாம் என்று சொல்லி, சரக்கு வந்ததும் பணம் கொடுத்தது. நான் பில்லை வைத்துக்கொண்டு, அதைப் பார்ப்பவரை எடுத்துவிட்டேன். இந்த வித்தியாசம் எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் ஒரு பராமரிப்பு பில்லுக்கு இரண்டு முறை பணம் போனது. எங்களிடம் சேவை பில்லுக்கு ஆர்டர் கிடையாது, அதனால் அந்த மும்முனை ஒப்பீடும் கிடையாது. இரண்டாவது பில்லின் எண்ணில் ஒரு சிறு கோடு கூடுதல். சிஸ்டம் அதைப் புது பில் என்று எடுத்துக்கொண்டது. பணத்தை அடுத்த பில்லில் கழித்துக்கொண்டோம், சரி. ஆனால் எனக்கு மனம் கேட்காமல், பழைய பில்கள் இருபதை எடுத்துக்கொண்டு, வேறு பிரிவுக்கு மாறியிருந்த அவரிடம் போனேன். புரட்டிக்கொண்டே வந்தவர் ஒன்றைத் தனியே வைத்தார். "இது முன்னாடியே வந்துடுச்சே." பில் எண்ணை அவர் பார்க்கவே இல்லை. தொகையையும் வேலை நடந்த தேதியையும்தான் பார்த்தார்.

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எதுக்குன்னுதானே சார் கேட்டீங்க? எப்படிப் பார்க்கிறேன்னு கேட்கலையே."

முதலில் எதற்கு என்றுதான் கேட்க வேண்டும். இந்த வேலையில் எல்லோருக்கும் சொல்லித்தருவது அதுதான். தவிர, இப்போது 4 நாளில் பணம் போகிறது. சிறிய சப்ளையருக்கு ஒரு வாரம் முன்னால் பணம் வருவது சாதாரண விஷயமா? ஒரே ஒரு தவறை அதற்கு எதிரே வைத்துப் பார்த்தால் நான் செய்தது சரி என்றே தோன்றுகிறது. அப்புறம், அந்த 2 நாள் தாமதம் அவரால் வந்ததே இல்லை என்பதும் நினைவுக்கு வரும். பில்கள் மொத்தமாகச் சேர்ந்த பிறகே அவர் மேசைக்கு வந்தன. நான் எடுத்திருக்க வேண்டியது அந்தக் காத்திருப்பை. ஆனால் அன்றைக்கு எப்படி என்று கேட்டிருந்தால் மட்டும் அவருக்குச் சொல்ல வந்திருக்குமா?

தொகை, தேதி, சப்ளையர் மூன்றும் ஒன்றாக இருந்தால் பில் நிற்கும்படி விதி போட்டோம். தேவையில்லாததும் நிறைய நிற்கிறது. நின்றதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றதும் முதலில் அவரைத்தான் கூப்பிட்டேன். "இங்கேயே இருந்துக்கறேன் சார்" என்றார். அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை.