பாட்டுக்குப் பின்னால் இருந்த பெண்கள்

மாலை மழையில் துணி மடித்துக்கொண்டே அமெரிக்கப் பாடகி கிரிஸ் வில்லியம்சனின் ‘தி சேஞ்சர் அண்ட் தி சேஞ்ச்ட்’ கேட்டேன். 1975இல் வந்த இசைத்தட்டு.

பாதியில் துணியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசிப்பதை ஒளிக்காமல் பாடும் குரல் அது.

இதை வெளியிட்டது ஒலிவியா ரெகார்ட்ஸ். 1973இல், வானொலிப் பேட்டி ஒன்றில் கிரிஸ் சொன்ன யோசனையைப் பிடித்துக்கொண்டு, பாடகி மெக் கிறிஸ்டியனும் தோழிகளும் வாஷிங்டனில் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம். அவர்களில் பலர் லெஸ்பியன் பெண்கள். பாடுவது மட்டுமல்ல, பதிவு செய்வது, ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பது எல்லாமே பெண்கள் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்ணைப் பார்ப்பதே அரிதாக இருந்த காலம்!

என் மனம் சாண்டி ஸ்டோனிடமே போய் நிற்கிறது. ஒலிவியாவின் ஒலிப்பதிவுப் பொறியாளர், திருநங்கை. அதற்காகவே அவரை நீக்கச் சொல்லிப் பெண்ணியவாதிகளில் சிலரே கடிதம் எழுதினார்கள், புறக்கணிப்போம் என்று மிரட்டினார்கள். தோழிகள் அவர் பக்கம் நின்றார்கள். ஆனாலும் எழுபதுகளின் இறுதியில் அவர் விலகிப்போனார்.

கதவு திறந்தவர்களின் வீட்டு வாசலிலும் ஒருத்தியை நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அது எனக்கு வலிக்கிறது.

மழை விடவில்லை. தட்டை மறுபடி முதலிலிருந்து கேட்கிறேன்.