பெரல் தண்ணி

"ஊத்திருங்க அம்மா"ன்னு டெங்கு நுளம்பு (கொசு) இருக்கான்னு பாக்க வந்த சுகாதார பரிசோதகர், பீ.எச்.ஐ மாத்தயா சொன்னதும் அப்பாயி மொகமே மாறிருச்சி.

பீலி கொழாயில தண்ணி வந்து மூணு நாளாச்சி. அந்த நீல பெரல்ல இருந்த அரவாசிதான் எங்களுக்கு எல்லாத்துக்கும்.

டோர்ச் அடிச்சி காட்டுனாரு. கமா மாதிரி சின்னதா ஏழெட்டு நுளம்பு புழு, வெளிச்சம் பட்டதும் நெளிஞ்சி நெளிஞ்சி அடிக்கு போயிருச்சி.

சும்மா ஊத்துனா பத்தாதாம், முட்ட பெரல் ஓரத்துல ஒட்டிக்கிட்டு காஞ்சே மாசக்கணக்கா கெடக்குமாம், திரும்ப தண்ணி பட்டா பொரிச்சிருமாம், அதுனால உள்ள நல்லா தேச்சி கழுவணும்னாரு, கழுவ தண்ணிக்கு எங்க போறதுன்னு அப்பாயி கேட்டதுக்கு பாவம் மனுசன் தலைய சொறிஞ்சாரு.

2017ல இலங்கையில 1,86,000 பேருக்கு மேல டெங்கு, 400க்கு மேல சாவு. புகை அடிச்சாங்க. அது பறக்குற நுளம்புக்குத்தான், பெரலுக்குள்ள இருக்குறதுக்கு இல்ல.

அந்தக் காலத்துல காலரா, அம்மை தேயில தோட்டத்துக்கு வந்துரும்னு, இந்தியாவுல மண்டபம் கேம்ப்ல, இங்க வேலைக்கு வந்த எங்க ஆளுகள நாள்கணக்கா மறிச்சி வச்சிட்டுத்தான் கப்பல் ஏத்துனாங்க. மனுசன மறிக்க அவ்வளவு ஏற்பாடு. நாங்க இருக்குற லயத்து வீடுகளுக்கு ஒழுங்கா ஒரு பைப்பு?

கடைசியில பழைய சாரிய நாலா மடிச்சி தண்ணிய வடிச்சி, பெரல தேங்கா பொச்சு போட்டு தேச்சோம். இப்ப பெரல் வாயில துணி கட்டி கயிறு போட்டிருக்கு.

அப்பாயி இன்னும் திட்டி முடிக்கல.