படகு இருக்கை: மூலைப் பைப்பிங் ஒருவழியாகப் படிந்தது

முன் இருக்கையின் இடது மூலையில் சுருக்கம் என்று ஒன்றுகூட இல்லை! பழவேற்காடு ஏரியில் தூண்டில் போட வைத்திருக்கும் ஃபைபர் படகுக்கு இரண்டு இருக்கைகள். பலகை வேலையும் ஃபோம் வெட்டுவதும் எப்போதோ முடிந்துவிட்டன. 710 முத்திரை போட்ட மெரைன் பிளைவுட், விளிம்பில் எபாக்சி, அடியில் துளைகள். துளை தண்ணீர் வடிய மட்டுமல்ல. உட்காரும்போது காற்று போக வழியில்லையென்றால் தையல்தான் வெடிக்கும்.

என்னை ஆட்டிவைத்தது பைப்பிங், அதாவது உறையின் விளிம்புத் தையலோடு ஓடும் உருண்டைப் பட்டி. மேல்துண்டு, பைப்பிங்கின் இரண்டு மடிப்பு, பக்கப்பட்டி என்று நான்கு அடுக்கு ரெக்சின். வீட்டுத் தையல் மிஷினின் பற்கள் அடி அடுக்கை இழுத்துக்கொண்டு போகின்றன. மேல் அடுக்கோ துணியை மேலிருந்து அழுத்தும் ஃபுட்டில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. நேர்க்கோட்டில் இது தெரியாது. மூலைக்கு வந்ததும் ஒரு விரல் அகலம் மிச்சம் விழுந்து நிற்கும். வழுக்கும் டெஃப்லான் ஃபுட் மாட்டியதில் பாதி சரியாயிற்று. மீதி, வெட்டில் இருந்தது. வெளிவளைவில் பைப்பிங்கின் தையல் ஓரம் விரிந்துகொடுக்க வேண்டும். அதற்கு முக்கோணமாக நறுக்கத் தேவையில்லை, நேர்வெட்டு போதும். சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு. தையல் கோட்டுக்கு 3 மி.மீ. முன்பே கத்தரி நின்றுவிட வேண்டும். பக்கப்பட்டிக்கும் அதே வைத்தியம். வளைவில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். ஊசி உள்ளே இறங்கி நிற்கும்போது ஃபுட்டைத் தூக்குவது, இம்மியளவு திருப்புவது, இறக்குவது. தையல் நீளம் 4 மி.மீ.; நெருக்கிப் போட்டால் தபால்தலை ஓரம்போலக் கிழிந்துவரும். ஊசி 18. நூல் பாலியெஸ்டர்தான், பருத்தி மக்கிவிடும், நைலான் வெயிலில் இற்றுப்போகும்.

கூர்மையான செங்கோண மூலைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் என்னிடம் பேச வேண்டாம். 30 மி.மீ. ஆரமாவது கொடுங்கள்.

ரெக்சினுக்கு ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் அலைந்தேன். காருக்குள் நிழலில் கிடக்கும் ரெக்சின் வேறு, நாள் முழுக்க ஏரி வெயிலில் காயும் ரெக்சின் வேறு என்று சொன்னால் கடைக்காரர்கள் புருவத்தை உயர்த்துகிறார்கள். உறையைப் பலகையில் அடிக்கும் ஸ்டேப்ளர் பின் அதைவிடப் பெரிய வேட்டை. துருப்பிடிக்காத 304 ஸ்டீல் என்று சத்தியம் செய்து ஒரு கடையில் கொடுத்ததை உப்புத்தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டேன். காலையில் கிண்ணத்தடியில் துரு. காந்தத்தை வைத்துப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கம்பியாக இழுத்த நல்ல 304கூடக் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.

வலது மூலை அப்படியே கிடக்கிறது. மனமோ அதற்குள் சாய்மானத்துக்குத் தாவிவிட்டது: மடக்கு வகை, 316 ஸ்டீல் கீல், காசிமேட்டில் விசாரிக்க வேண்டும். பின் அடிப்பதற்கு முன் உறையை மொட்டைமாடி வெயிலில் இளக வைக்க வேண்டும். குளிர்ந்த ரெக்சினை இழுத்து அடித்தால் பிறகு தொய்ந்துவிடும். ஃபோம் உறையைவிட 10 மி.மீ. பெரிது. திணிக்க இன்னொரு ஜோடிக் கை தேவை. ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் சாப்பிட வருகிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.