அப்பத்தா வீட்டு வெங்கலப் பானை

காரைக்குடி பக்கம் எங்க அப்பத்தா வீடு வருஷத்துல பாதி நாள் பூட்டியேதான் கெடக்கும். போன வாரம் போய் தெறந்தா ரெண்டாங்கட்டுல வரிசையா இருந்த வெங்கலப் பானைல மூணைக் காணோம், பானை இருந்த எடம் மட்டும் தூசி இல்லாம வட்ட வட்டமா பளிச்சுன்னு தெரியுது. உடனே எல்லாரும் வாட்ச்மேன் மேல கையக் காட்டியாச்சு. "ஸ்டேஷன்ல ரெண்டு தட்டு தட்டுனா ஒத்துக்குவான், கேஸ் முடிஞ்சுது"ங்குறாரு சித்தப்பா.

ஒத்துக்கிட்டாலும் முடியாது சித்தப்பா. போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலத்த அவருக்கு எதிரா கோர்ட்ல சாட்சியமா வைக்க முடியாது, இது 1872 சாட்சியச் சட்டத்துலயே 25ஆவது பிரிவா இருந்துச்சு, 2024 ஜூலை 1ல வந்த புதுச் சட்டத்துல 23ஆவது பிரிவு, நம்பர்தான் மாறிருக்கு. அடிச்சு வாங்குவாங்கன்னு வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க! ஆனா கஸ்டடில இருக்கும்போது "இன்ன எடத்துல வச்சிருக்கேன்"னு சொல்லி, அங்க போய்ப் பாத்து பானை கெடைச்சா, அந்தத் துண்டுப் பேச்சு மட்டும் செல்லும். மத்தபடி குத்தத்த நிரூபிக்கிறது அரசு தரப்போட வேலை, 'நான் எடுக்கல'ன்னு அவரு நிரூபிக்கணும்னு இல்ல.

புகார்ல "அடையாளம் தெரியாத நபர்"னுதான் எழுதிக் குடுத்தேன், எஃப்ஐஆர் காப்பியும் காசில்லாம வாங்கியாச்சு (கேட்டு வாங்குங்கப்பா, அது நம்ம உரிமை).

அப்பத்தாதான், "பூட்டு ஒடையலயேடா"ன்னுச்சு. சாவி மொத்தம் அஞ்சு பேருகிட்ட இருக்கு. அதுல நாலு பேரு பங்காளிக.