தையல் மிஷின் எண்ணெய்

1994இல் சாலிகிராமத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். மைக் ஸ்டாண்டுகளை நிறுத்துவது, வயர்களைச் சுற்றி வைப்பது, டேப் பெட்டிகளில் லேபிள் ஒட்டுவது என் வேலை. காலை 7 மணி கால்ஷீட் என்றால் ஆறரைக்குக் கதவைத் திறக்க வேண்டியவனும் நான்தான். சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு நாள் சாவியோடு போனபோது, வாசல் படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பக்கத்தில் சுருட்டிய சிவப்புக் கம்பளமும் ஒரு துணிப்பையும் இருந்தன. யாரையோ பார்க்க வந்தவர் போலிருக்கிறது என்று நினைத்து, "ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும்" என்றேன். "சரி தம்பி, நான் உள்ளே உட்கார்ந்துகொள்கிறேன்" என்று எழுந்தார்.

உள்ளே வந்தவர் நேராக டிரம்ஸ் பூத்துக்குப் போனார். கம்பளத்தை விரித்தார். பெரிய பாஸ் டிரம் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து நீண்ட மூக்கு வைத்த ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியை எடுத்தார். தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய். பெடலின் கீலில் இரண்டு சொட்டு விட்டு, காதை அருகில் கொண்டுபோய், கையாலேயே பத்து முறை அமுக்கிப் பார்த்தார். இன்னொரு சொட்டு விட்டார். மறுபடி பத்து முறை. பிறகுதான் எழுந்து முகம் கழுவப் போனார்.

பல மாதங்கள் கழித்து, பழகிய பிறகு, அதைப் பற்றிக் கேட்டேன். "மெதுவான பாட்டில் பெடல் கிறீச்சிட்டால் மைக் எடுத்துக்கொள்ளும். பாடுகிறவருக்கு ஹெட்போனில் கேட்கும். அவர் மனம் பாட்டை விட்டு அங்கே போய்விடும்" என்றார். தன் வாத்தியத்தின் சத்தம் கெட்டுவிடும் என்று அவர் சொல்லவில்லை. பாடகரின் மனம் சிதறிவிடும் என்றுதான் சொன்னார். அன்று அந்த வித்தியாசம் எனக்குப் பிடிபடவில்லை.

அவர் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று ஒருமுறை கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூடத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன். இளைஞராக இருந்தபோது மெல்லிசைக் குழுக்களில் பாங்கோஸ் வாசித்து, பிறகு டிரம்ஸுக்கு மாறி, 1970களின் தொடக்கத்தில் கோடம்பாக்கத்துக்கு வந்தவர். யார் இசையமைப்பாளரோ அவருக்கு வாசிப்பார். கால்ஷீட்டுக்குக் கூலி. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே வவுச்சர், அதே கையெழுத்து. இசைத்தட்டு உறையிலோ கேசட் அட்டையிலோ வாசித்தவர்களின் பெயரைப் போடும் வழக்கமே அப்போது அநேகமாக இல்லை. தமிழில் அது பரவலாகத் தெரிய வந்தது 1992க்குப் பிறகு ஏ.ஆர். ரஹ்மானின் கேசட்டுகள் வந்தபோதுதான். அண்ணனின் பெரும்பாலான பாட்டுகள் அதற்கு முந்தியவை.

அந்தக் காலத்துப் பதிவைப் பற்றி இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். வயலின்கள், புல்லாங்குழல், தபலா, கிட்டார், கோரஸ், பாடகர் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடி முடிக்க வேண்டும். நான்காவது நிமிடத்தில் ஒரு வயலின் சறுக்கினாலும் எல்லோரும் பல்லவியிலிருந்து தொடங்க வேண்டும். வேகத்தைப் பிடித்து வைக்க கிளிக் சத்தம் கிடையாது. கண்டக்டரின் கையும் தாளக்காரர்களும்தான் கடிகாரம். நாற்பது பேரின் மூச்சும் ஒருவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும். அந்த இடத்தில் இருபது ஆண்டு உட்கார்ந்த ஒருவருக்குக் கொஞ்சம் கர்வம் இருந்திருந்தால் நான் தவறாக எடுத்திருக்க மாட்டேன்.

அவர் வேலை செய்யும் விதத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பல வருடம் பார்த்திருக்கிறேன். நோட்ஸ் கைக்கு வந்ததும் இசையமைப்பாளரின் உதவியாளரிடம், "முதல் வரி என்ன?" என்று கேட்பார். எந்த பீட் என்று மற்றவர்கள் கேட்கும் இடத்தில் இவர் கேட்பது பாட்டின் வார்த்தையை. அதைத் தாளின் தலைப்பில் பென்சிலால் எழுதிக்கொள்வார். பிறகு பையிலிருந்து ஒரு கைக்குட்டை வரும். அதை நான்காக மடித்து ஸ்நேர் டிரம்மின் ஓரத்தில் வைப்பார். குச்சியால் ஒரு தட்டு. கைக்குட்டையை ஒரு விரற்கடை உள்ளே தள்ளுவார். இன்னொரு தட்டு. அந்த ஒரு விரற்கடையில் ஸ்நேரின் இழுவை குறைந்து, பாடகரின் மெல்லினங்கள் தெளிவாகக் கேட்கத் தொடங்கும். கன்சோலில் நான் எந்தக் குமிழைத் திருகினாலும் அந்தத் தெளிவு வராது. திருகிப் பார்த்துத் தோற்றதால் சொல்கிறேன்.

ஒருநாள் ஒரு புதுப் பாடகி. வயது இருபதுகூட இருக்காது. சரணத்தின் மூன்றாவது வரியில் எடுப்பு தவறிக்கொண்டே இருந்தது. ஐந்தாவது டேக்கும் போனது. கூடத்தில் பெருமூச்சுகள் கேட்க ஆரம்பித்தன. ஆறாவது டேக்கில் அதே வரி வருவதற்குச் சற்று முன்னால் டிரம்ஸ் நின்றது. அண்ணன் குச்சியை உயர்த்தி, "மன்னிக்க வேண்டும், என் தவறு. நோட்ஸில் ஒரு பார் தாண்டிவிட்டேன்" என்றார். பத்து நிமிடம் இடைவேளை விட்டார்கள். நான் டேப்பைத் திருப்பிப் போட்டுக் கேட்டேன். அவர் எதையும் தாண்டவில்லை. இடைவேளையில் அந்தப் பெண் தண்ணீர் குடித்தாள், அம்மாவோடு இரண்டு வார்த்தை பேசினாள், வந்து ஏழாவது டேக்கில் பாடி முடித்தாள். அந்த எடுப்புக்கு முன்னால் அண்ணன் ஹை-ஹாட்டில், பெடலால் திறந்து மூடும் அந்த ஜோடித் தட்டில், லேசாக ஒரு அடி கூடுதலாகக் கொடுத்திருந்தார். வழிகாட்ட. இன்றைக்கும் அந்தப் பாட்டில் அது இருக்கிறது.

பணிவானவர் என்றால் வளைந்து கொடுப்பவர் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு தயாரிப்பு நிர்வாகி, டிரம்ஸைத் தூக்கி வந்து கட்டிக்கொடுக்கும் பையனின் பேட்டாவைப் பாதியாக்கியபோது, மதியக் கால்ஷீட்டுக்கு அண்ணன் பூத்துக்குள் போகவில்லை. குரல் உயர்த்தவும் இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து, "அவன் கட்டாமல் நான் எதை வாசிப்பது?" என்று மட்டும் சொன்னார். இருபது நிமிடத்தில் பணம் வந்தது. தனக்காக அவர் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். கேட்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

1980இல் ரோஜர் லின் என்ற அமெரிக்கர், நிஜ டிரம்ஸின் ஒலிகளையே சில்லுக்குள் அடைத்து ஒரு தாள இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த வகை இயந்திரங்கள் சென்னைக்கு வந்து சேரவும், அடுத்த சில வருடங்களில் கணினியே தாளம் போடவும் தொடங்கியபோது, கூடங்களில் டிரம்ஸ் பூத்துகளில் பழைய நாற்காலிகளை அடுக்கினார்கள். நான் சேர்ந்த காலம் அந்தச் சரிவின் நடுப்பகுதி. மாதம் இருபது கால்ஷீட் வாசித்தவர்களுக்கு நான்கைந்து கிடைத்தால் பெரிது. சிலர் கச்சேரிக் குழுக்களுக்குத் திரும்பினார்கள். சிலர் ஊருக்குப் போனார்கள். அண்ணன் கால்ஷீட் இல்லாத நாட்களிலும் எங்கள் கூடத்துக்கு வருவார். கீபோர்டில் தாளம் அடுக்கும் பையன்களுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்வார். "எட்டு அடியும் ஒரே கனத்தில் விழுகிறது பார். என் கை அப்படி விழாது. ஒன்றும் மூன்றும் கொஞ்சம் கனம். நடுவில் இருப்பவை சருகு மாதிரி" என்று மேஜையில் தட்டிக் காட்டுவார். தன் பிழைப்பைப் பறித்த பெட்டிக்குத் தன் கையின் ரகசியத்தைச் சொல்லிக் கொடுக்கிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. "பாட்டு நன்றாக வர வேண்டாமா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2000க்குப் பிறகு ஒரு இளம் இசையமைப்பாளர் அவரைத் தேடி அழைத்தார். கணினியில் தாளமெல்லாம் போட்டாகிவிட்டது, அதன்மேல் நிஜ டிரம்ஸ் வேண்டும், பெரியவர் விருப்பம்போல் வாசிக்கட்டும் என்றார். அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு முறை கேட்டார். "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஹை-ஹாட் மட்டும் நான் வாசிக்கிறேன். அதை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்றார். முழு டிரம்ஸ் செட்டுக்கும் ஒன்பது மைக் வைத்திருந்தேன். ஏழை அணைத்தேன். நான்கு நிமிடம் இருபது விநாடி, ஹை-ஹாட் மட்டும் வாசித்தார். கடைசிச் சரணத்துக்கு முன்னால் அதைச் சற்றே திறந்து மூடினார். அவ்வளவுதான். பாட்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது. அந்த இசையமைப்பாளர் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வருடக்கணக்காக வேலை குறைந்து போன ஒருவருக்கு ஒரு முழுக் கால்ஷீட் கிடைத்திருக்கிறது. உருட்டிக் காட்டலாம், எங்கே போயிருந்தீர்கள் என்று எல்லோரையும் கேட்க வைக்கலாம். அவர் பாட்டுக்கு வேண்டியதை மட்டும் கொடுத்துவிட்டுக் கம்பளத்தைச் சுருட்டினார்.

ஹால் பிளேன் என்ற அமெரிக்க டிரம்மரைப் பற்றி நான் படித்ததும் அந்தச் சமயத்தில்தான். 1929இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர், லாஸ் ஏஞ்சல்ஸ் கூடங்களில் கூலிக்கு வாசித்தவர். அங்கேயும் அதே கதை. 1965இல் தி பேர்ட்ஸ் குழுவின் முதல் பெரிய வெற்றிப் பாடல் பதிவானபோது, குழுவில் ஒரே ஒருவர்தான் கருவி வாசித்தார். டிரம்ஸ் பிளேன். கேட்டவர்களுக்கு அது தெரியாது. 1966 முதல் 1971 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து, கிராமி விருதில் ஆண்டின் சிறந்த பதிவாகத் தேர்வான பாடல்கள் ஆறிலும் அவர் வாசித்திருக்கிறார். 2000இல்தான், ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் முதல்முறையாகப் பக்க வாத்தியக்காரர்களைச் சேர்த்தபோது, அவரையும் ஏர்ல் பால்மரையும் சேர்த்தார்கள். வாசித்த நோட்ஸ் தாள்களில் தன் பெயர் கொண்ட ரப்பர் முத்திரையைக் குத்திவிட்டு வருவது பிளேனின் வழக்கம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. உங்களுக்கும் ஒரு முத்திரை செய்து தருகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு, "அந்த ஆறு பாட்டிலும் பேஸ் கிட்டார் வாசித்தது யார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். குறைந்தது மூன்றில் ஜோ ஆஸ்போர்ன். அடுத்த முறை வந்தபோது சொன்னேன். அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சில வருடங்களுக்கு முன், 1980களின் நடுவில் பதிவான ஒரு பாட்டின் மூல டேப்பைக் கணினிக்கு மாற்றும் வேலை வந்தது. டேப் ஈரத்தில் பாழாகியிருந்தது. இளஞ்சூட்டில் வைத்துப் பக்குவப்படுத்தித்தான் ஓட்ட முடிந்தது. டிரம்ஸ், பேஸ், குரல் தனித்தனித் தடங்களில் இருந்தன. டிரம்ஸ் அண்ணன். கணினியில் வேகத்தை அளந்தபோது, பல்லவி நிமிடத்துக்கு 96 அடியில் தொடங்கி, இரண்டாவது சரணத்தின் நடுவில் 99க்குப் போய், மறுபடி 96க்கு இறங்கியிருந்தது. உடன் இருந்த இளம் பொறியாளர், "பெரியவர் ஓடியிருக்கிறார் சார், நேராக்கிவிடலாம்" என்றார். எனக்கு உடன்பட மனம் வரவில்லை. அண்ணனை வரவழைத்தேன்.

எண்பதை நெருங்கியிருந்தார். மகன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். கன்சோலுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டார். அந்தச் சரணம் வந்தது. கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "அன்றைக்கு அவருக்குச் சளி. அந்த வரி நீளம். ஒரே மூச்சில் பாடியாக வேண்டும். ரிகர்சலில் கடைசி வார்த்தைக்கு மூச்சுப் போதவில்லை. அதனால் கொஞ்சம் முன்னால் இழுத்தேன்" என்றார்.

குரல் தடத்தை மட்டும் போட்டுக் கேட்டோம். வரி தொடங்கும் முன் ஓர் ஆழமான மூச்சு. கடைசி வார்த்தை உடையாமல் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பின் ஒரு நொடி அமைதி, பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பாட்டைக் கேட்டவர்களில் யாருக்கும் அந்தப் பாடகருக்கு அன்று சளி என்பது தெரியாது. இளம் பொறியாளர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

நேராக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். புறப்படும் முன், "உங்கள் தடத்தை மட்டும் தனியாக ஒருமுறை போடட்டுமா அண்ணா?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியும் தம்பி. நான் இழுத்தபோது அவன்தான் ஒரு கேள்வி கேட்காமல் கூட வந்தான். போய்ச் சேர்ந்து பதினைந்து வருடம் ஆகிறது. பேஸைப் போடு" என்றார்.

போட்டேன். அந்தச் சரணம் வந்ததும் அவர் வலது பாதம், செருப்பு இல்லாமல், தரையில் மெல்ல அமுக்கத் தொடங்கியது.