மோட்டார் துருப்பிடிக்கும் திசை

மதுரையில் சப்மெர்சிபிள் மோட்டார் கழற்றி மாட்டுவது என் தொழில். கிழக்கே திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வரை வாடிக்கையாளர்கள் உண்டு. வைகை போகிற பக்கமாகவே என் வண்டியும் போகும். மானாமதுரை வரைக்கும் மோட்டார் பெரும்பாலும் உள்ளேயிருக்கிற காயில் கம்பி கருகித்தான் கைக்கு வரும். தண்ணீர் இறங்கிப்போனது தெரியாமல் ஓடவிட்டிருப்பார்கள், இல்லையென்றால் வோல்டேஜ் அடி. ராமநாதபுரம் தாண்டிவிட்டால் போல்ட்டே கழறாது. உப்பு தின்றிருக்கும்.

மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ராமநாதபுரம் போவதற்குள் அந்த உயரம் அநேகமாக முழுதும் கரைந்துவிடும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வாட்டம், அவ்வளவுதான். வண்டியில் போகிறவனுக்குத் தெரியவே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அந்த வாட்டத்தை நம்பித்தான் வழியெல்லாம் கண்மாய் வெட்டியிருக்கிறார்கள். ஒன்று நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். பார்த்திபனூர் மதகணையில் ஆற்றுத் தண்ணீரை இடது, வலது பிரதானக் கால்வாய்களுக்குப் பிரித்துவிடுகிறார்கள். மிச்சம் போய்ச் சேர்வது ராமநாதபுரம் பெரிய கண்மாய். அதுவும் நிறைந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் கடல். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலோடு சேர மாட்டேன் என்று வைகை முறைத்துக்கொண்டதாகக் கதை சொல்வார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. வழியில் இத்தனை மடையைத் திறந்து வைத்தால் எந்த ஆறு கடல்வரை போகும்?

மழைக் கணக்கும் வினோதமானது. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடும். எங்களுக்கு வருவது ஆடிக்காற்றும் புழுதியும். ஆனால் அங்கே கொட்டியது பெரியாறு அணையில் சேர்ந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக 1895 முதல் இந்தப் பக்கம் வருகிறது. 1959இல் கட்டிய வைகை அணையில் அதைத் தேக்கிவைத்துக் குடிக்கிறோம். நனையாமலே குடிக்கிற மழை! எங்களை நனைக்கிற பெரிய மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வங்கக்கடல் பக்கமிருந்து. முண்டு மிளகாய் போடுகிற ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அந்த மூன்று மாதம்தான் வருஷமே. அது பொய்த்தால் போர்வெல் போட ஓடுவார்கள், அப்புறம் எனக்கு போன் வரும்.

தேவிபட்டினம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வேலை. சவுதியிலிருந்து மகன் போனில், “அண்ணே, இன்னும் ஆழமாப் போட்டு பெரிய மோட்டாரா இறக்கிருங்க” என்றார். பக்கத்திலேயே நின்ற அம்மா, “அவன் கெடக்கான். ஆழமாப் போனா உப்புல்லய்யா வரும்? எங்க மாமனார் காலத்துலயிருந்து இங்க பன்னெண்டு அடிக்குக் கீழ தோண்டுறதில்ல” என்றார்.

அந்தம்மா சொன்னதுதான் சரி. கடலோர மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் நல்ல தண்ணீர், எடை குறைவு. அடியில் இருக்கும் கனமான உப்புத் தண்ணீர் மேல் மிதந்து நிற்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் வருஷக்கணக்கில் கொடுக்கும். பெரிய மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியிலுள்ள உப்பு மேலேறும். ஏறியது அவ்வளவு சுலபமாக இறங்காது. அரை ஹெச்.பி. மோட்டார் மாட்டிவிட்டு வந்தேன். குடிக்க அவர்களுக்கு ஊருணியும் காவிரிக் கூட்டுக்குடிநீர்க் குழாயும். வைகை எட்டிப்பார்க்காத ஊருக்குக் காவிரி பைப்பில் வருகிறது.

மதுரைக்குள் கதையே வேறு. கண்மாய் இருந்த இடங்களில் பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. அந்தத் தெருக்களில் எண்ணூறு அடிக்கு மோட்டார் இறக்குகிறேன். மொட்டை மாடித் தண்ணீரைக் குழிக்குள் விட்டால் நல்லது சார் என்று சொன்னால், “அதுக்குத் தனியாக் காசா?” என்று கேட்கிறார்கள்.