புதிய ஹெச்பிஏ1சி கருவியும் ஹீமோகுளோபின் ஈயும்

பினாங்கில் நான் பணிபுரியும் ஆய்வுக்கூடத்திற்கு ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும், சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினின் விழுக்காட்டை அளக்கும் புதிய கருவி வந்திருக்கிறது. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை முடிவுசெய்ய உதவும் எண்ணை, தயாரிப்பாளரின் ஆவணத்தை மட்டும் நம்பி வெளியிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மருத்துவ ஆய்வுக்கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலையும் சரிபார்ப்பை அந்தந்த ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது.

முதல் படிகள் கடினமானவை அல்ல. தாழ்ந்த அளவிலும் உயர்ந்த அளவிலும் உள்ள கட்டுப்பாட்டு மாதிரிகளை 5 நாள், நாளுக்கு 5 முறை ஓட்டி, மாறுபாட்டுக் கெழு (முடிவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 2 விழுக்காட்டுக்குள் அடங்குகிறதா என்று கணக்கிடுகிறோம். பிறகு 40 நோயாளிகளின் இரத்த மாதிரிகளைப் பழைய கருவியின் முடிவுகளோடு ஒப்பிடுகிறோம். அந்த 2 விழுக்காட்டை யாரும் அற்பமாக எண்ண வேண்டாம். மலேசிய வழிகாட்டி நெறிமுறை நோயை உறுதிசெய்ய வைத்திருக்கும் எல்லை 6.3 விழுக்காடு; உண்மையில் 6.3 உள்ள இரத்தமே, அந்தக் கெழுவின் இரு மடங்கு வரையிலான ஏற்ற இறக்கத்தில், 6.05 முதல் 6.55 வரை எங்கு வேண்டுமானாலும் விழக்கூடும்.

இவையெல்லாம் தேறிய பின்னரும் எனக்கு நிறைவு வருவதில்லை. தென்கிழக்காசியாவில் ஹீமோகுளோபினின் மரபுவழி மாற்று வடிவமான ஹீமோகுளோபின் ஈ பரவலாக உள்ளது, ஹீமோகுளோபின் குறைவாக உருவாகும் மரபுக் கோளாறான தலசீமியாவும் அப்படித்தான். அயனிப் பரிமாற்ற முறைக் கருவி மூலக்கூறுகளை மின்னேற்றத்தைக் கொண்டு பிரிப்பதால், ஹீமோகுளோபின் ஈ உள்ளவரின் வரைபடத்தில் ஏ0 (சர்க்கரை ஒட்டாத வழக்கமான ஹீமோகுளோபின்) முகட்டை ஒட்டி ஒரு சிறு மேடு தென்படலாம். அதைக் கருவி எந்தக் கணக்கில் சேர்க்கிறது என்பதைப் பொறுத்து முடிவு பிசகும். திரையில் வரும் எண்ணோ எப்போதும் போல நேர்த்தியாகத்தான் இருக்கும்; வரைபடத்தைப் பார்க்காமல் ஒப்புதல் அளிப்பது ஆபத்து என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். ஒட்டிய சர்க்கரையைப் பற்றிப் பிரிக்கும் போரோனேட் ஈர்ப்பு முறை இந்த மாற்றத்தால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை; ஆனால் கருவில் மிகுந்திருக்கும் வகையான ஹீமோகுளோபின் எஃப் மிகுந்தால் அதுவும் குறைத்துக் காட்டும்.

ஆகவே ஹீமோகுளோபின் ஈ உறுதிசெய்யப்பட்ட மாதிரிகளைத் தனியாகச் சேர்த்து, போரோனேட் முறையில் இயங்கும் வேறோர் ஆய்வுக்கூடத்தோடு ஒப்பிடும்படி கேட்டிருக்கிறேன். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஈ மரபணுவைப் பெற்றவரின் இரத்தத்தில் வழக்கமான வகையான ஹீமோகுளோபின் ஏ இருப்பதே இல்லை என்பதால், அவருக்கு ஹெச்பிஏ1சி என்ற அளவே பொருந்தாது. அத்தகைய மாதிரிக்கு எண்ணை வெளியிடாமல், இரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஃபுருக்டோசமைன் பரிசோதனையைப் பரிந்துரைக்கும் குறிப்பை மருத்துவருக்கு அனுப்புவதாக எங்கள் நடைமுறை ஏட்டில் எழுதியுள்ளோம்.